மெழுகுப் பலகையும் பனையோலையும்: திண்ணைப் பள்ளிக்கூடம் முதல் இன்று வரை

விஜயதசமி அன்று வன்னியின் கோயில்களில் இன்றும் ஏடு தொடக்கப்படுகிறது. பெயர்தான் ஏடு, பிள்ளையின் விரல் ஓடுவது தட்டில் பரப்பிய அரிசியில். பனையோலையும் எழுத்தாணியும் வகுப்பறையை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியும் சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது திண்ணைப் பள்ளிக்கூடம். வீட்டுத் திண்ணையிலோ கோயில் மடத்திலோ ஒரு சட்டம்பியார், சுற்றிவரச் சில பிள்ளைகள். மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்பே ஓலை கைக்கு வரும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு எல்லாம் மனப்பாடம். பொருள் பிறகு விளங்கும். சிலருக்கு விளங்காமலே போகும். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்வான். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்ட அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணல் எழுத்தையும் மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் இங்கிலாந்தில் பரப்பினார்.

பண்டைய உரோமிலும் ஏறத்தாழ இதே காட்சிதான். ஏழு வயதளவில் பிள்ளை எழுத்துப் பள்ளிக்குப் போகும். பள்ளி என்று தனிக் கட்டடம் இல்லை. தெருவோரத் தாழ்வாரமே போதும். விடியுமுன்பே வாத்தியார் போடும் சத்தத்தில் தூக்கம் கெடுகிறது என்று மார்சியல் என்ற புலவர் நொந்துகொண்டார். மெழுகு பூசிய பலகையில் கூரிய ஆணியால் எழுதுவார்கள். ஆணியின் தட்டையான மறுமுனை அழிக்க உதவும். பனையோலையில் கீறியதை அப்படி அழிக்க முடியாது. நம் பிள்ளைகள் முதலில் மணலில் பழகியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

அடியும் இரு இடத்திலும் பொது. கவிஞர் ஹொரஸ் தன் ஆசிரியர் ஓர்பிலியசை அடிகாரர் என்றே குறிப்பிட்டார். முதலாம் நூற்றாண்டில் குவின்டிலியன் இதை எதிர்த்தார்: அடி அடிமைக்குரியது, வாங்கிப் பழகிய பிள்ளைக்கு மனம் மரத்துப்போகும் என்பது அவர் வாதம். இலங்கையில் பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்ற கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்தது 2005 இல். ஆசிரியர் அறைந்ததில் ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021 இல்.

யார் படித்தார்கள் என்பதே பெரிய கேள்வி. உரோமில் வசதியான வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போனவன் ஓர் அடிமை. எங்கள் திண்ணையில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு இடமிருக்கவில்லை. மிசன் பள்ளிகள் வந்த பின்னரும் வாங்கில் சமமாக அமர்வதற்கே போராட வேண்டியிருந்தது. 1930 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தில் இதற்காகவே பாடசாலைகள் எரிக்கப்பட்டன.

வன்னியில் சாதியோடு தூரமும் தடையாயிற்று. குளத்தை அண்டிய சிறு ஊர்கள், நடுவே காடு, மலேரியா. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும் பள்ளிக்கூடம் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டுமே! புள்ளுக் காவலுக்கும் மாடு மேய்க்கவும் போன பிள்ளைகள் பலர்.

2009 இல் செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் வகுப்புகள் கூடாரங்களிலும் கொட்டில்களிலும் நடந்தன. அந்த ஆண்டு ஓகஸ்டில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையையும் உயர்தரப் பரீட்சையையும் வன்னிப் பிள்ளைகள் முகாமுக்குள் இருந்தே எழுதினார்கள்.