சுண்ணாம்புக்கல், மீட்டர் கேஜ், ஒரு சைக்கிள்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆபீஸ் வேலையா மூணு மாசம் மான்செஸ்டர்ல இருந்தேன். (ஆன்சைட்டுன்னா அமெரிக்காதான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்த எங்கம்மாவுக்கு இதுல கொஞ்சம் வருத்தம்.) அங்க ஒரு சனிக்கிழமை, கூட வேலை பார்க்கிறவர் வாடகை சைக்கிள் எடுத்துக் கொடுத்து மான்சல் டிரெயில்னு ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனார். சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவுல போற பழைய ரயில் பாதை. 1968-ல ரயிலை நிறுத்திட்டாங்க. 1981-ல அதே பாதையை நடக்கிறவங்களுக்கும் சைக்கிள்காரங்களுக்கும் திறந்துவிட்டாங்க. பூட்டிக் கிடந்த குகைகள் 2011-ல திறந்துச்சு. மொத்தம் பதிமூணு கிலோமீட்டர் சொச்சம்.

வழியில மில்லர்ஸ் டேல்னு ஒரு பழைய ஸ்டேஷன். அதைத் தாண்டினா, பாதையை ஒட்டியே பிரம்மாண்டமா சுண்ணாம்புக் காளவாசல். அதைப் பார்த்து நின்னவன்தான், பத்து நிமிஷம் நகரலை. காளவாசல், தண்டவாளம், வெள்ளைத் தூசி... இதெல்லாம் நம்ம ஊர் சமாச்சாரமாச்சே!

நமக்கு விருதுநகர். எங்க தாத்தா தெற்கு ரயில்வேயில கேங்மேன். விருதுநகர் – சிவகாசி பிட்டுல முப்பது வருஷத்துக்கு மேல தண்டவாளத்தை நடந்தே பார்த்தவர். இப்போ வயசு எண்பத்து நாலு. முழங்கால் ரெண்டும் போயிடுச்சு, ஞாபகம் மட்டும் அப்படியே இருக்கு.

இந்தப் பொங்கல் லீவுக்கு கிராவல் பைக்கை ரயில்ல ஏத்தி ஊருக்குக் கொண்டுவந்தேன். (ரேஸ் சைக்கிள் மாதிரி வளைஞ்ச ஹேண்டில்பாரும் கொஞ்சம் அகலமான டயரும் இருக்கும், மண் ரோட்டுக்குத் தோதா. விலை சொன்னா அடிப்பீங்க.) திட்டம் இதுதான்: விருதுநகர்ல கிளம்பி துலுக்கப்பட்டி, சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி, திருத்தங்கல் வழியா திரும்ப விருதுநகர். முடிஞ்சவரைக்கும் தார் ரோட்டைத் தவிர்த்து, வண்டிப்பாதையிலயே. தாத்தாகிட்ட சொன்னேன். "திருத்தங்கலுக்கு இந்தப்பக்கம் எங்க கேங் குடிசை இருந்துச்சு. பக்கத்துல ஒரு கிணறு. இருக்கான்னு பாத்துட்டு வா" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

விடிகாலை கிளம்பி முதல்ல தெற்கே. இடதும் வலதுமா மாறி மாறிக் கூட வர்றது மதுரை – தூத்துக்குடி பாதை. 1876-ல போட்டது. பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரனுக்கு இந்தப் பாதை தேவைப்பட்டது. பாதை வந்ததும் விருதுபட்டி சந்தை பெருத்தது; பருத்தி, வத்தல், எண்ணெய்னு வியாபாரம் ஏறினது. அந்த விருதுபட்டிதான் 1923-ல விருதுநகர்னு பேர் மாறினது.

துலுக்கப்பட்டி ஸ்டேஷனை நெருங்கும்போது சிமெண்ட் ஆலைப் புகைக்கூண்டு தெரியும். ஆர்.ஆர். நகர்னு நாம சொல்றது ராமசாமி ராஜா நகர். ராஜபாளையம் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கின மெட்ராஸ் சிமெண்ட்ஸ் கம்பெனியோட முதல் ஆலை, 1960-களின் தொடக்கத்துல வந்தது. இன்னிக்கு அதுதான் ராம்கோ சிமெண்ட்ஸ். ஏன் இந்தப் பொட்டல்ல வந்து ஆலை போட்டாங்க? காலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், பக்கத்திலேயே ரயில். ஒரு டன் சிமெண்டுக்குச் சுமாரா ஒன்றரை டன் கல் வேணும். அதனால கல்லை ஆலைக்குத் தூக்கிட்டுப் போறதைவிட, ஆலையைக் கல்லுகிட்ட கொண்டுவர்றதுதான் லாபம்.

இங்கிலாந்துல சுண்ணாம்புக்கல்னா மலை. அண்ணாந்து பார்க்கணும். நம்ம பக்கம் குனிஞ்சு பார்க்கணும். துலுக்கப்பட்டி, பந்தல்குடி, ஆலங்குளம் எல்லாத்துலயும் கல் பூமிக்குள்ள பட்டை பட்டையா ஓடுது. வெட்டி எடுத்த இடமெல்லாம் பள்ளம்; மழைத் தண்ணி நின்னா பச்சை நிறத்துல ஏரி மாதிரி ஜொலிக்கும். அரியலூர் சுண்ணாம்புக்கல் பழைய கடலுக்கடியில படிஞ்சது, அதுல சிப்பி, நத்தைப் படிமம் எல்லாம் கிடைக்கும். நம்மளது அதைவிட ரொம்பப் பழசு. பூமிக்குள்ள அழுத்தத்துலயும் சூட்டுலயும் வெந்து பளிங்கு மாதிரி ஆனது. படிமம் தேடினா ஏமாற்றம்தான்.

இது போக, கரிசலுக்கு அடியில சுக்கான் கல் இருக்கு. சிமெண்ட் வர்றதுக்கு முன்னாடி ஊர் ஊருக்குக் காளவாசல்ல சுட்டது இதையும்தான். தொள்ளாயிரம் டிகிரி சூட்டுல கல்லிலிருந்து கரியமில வாயு பிரிஞ்சு போயிடும், மிச்சம் சுட்ட சுண்ணாம்பு. நம்ம பழைய வீட்டுச் சுவரெல்லாம் அதுதான்.

சாத்தூர்ல சேவு வாங்காம போறது பாவம்ங்கறதால கால் கிலோ வாங்கிட்டு வைப்பாற்றங்கரையோரமா மேற்கே திரும்பினேன். இங்கதான் கரிசல் தன் வேலையைக் காட்டினது. முந்தின வாரம் பெய்த மழையில மண் களியா இருந்தது. நூறடி ஓட்டுறதுக்குள்ள சக்கரத்துல அப்பிப் பிடிச்சுக்கிட்டு சுத்தவே இல்லை. அரை கிலோமீட்டர் தோள்ல தூக்கிட்டு நடந்தேன். ஆடு மேய்ச்சிட்டிருந்த பெரியவர், "எதுக்குத் தம்பி இம்புட்டு வெலைக்குச் சைக்கிளு, தூக்கிட்டு நடக்கவா?" என்றார். பதில் இல்லை :-) சுக்கான் மேடு வந்ததும் நிலைமையே மாறிடுச்சு. வெள்ளைச் சரளை; தண்ணி வடிஞ்சு, டயருக்கடியில நறநறன்னு அருமையான சத்தம்.

வெம்பக்கோட்டையில 2022-லேருந்து தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு நடந்துச்சு. நுண்கற்கருவிகள், சங்கு வளையல் எல்லாம் கிடைச்சது. ஆக, ரயிலுக்கு ரொம்ப முன்னாடியே இந்த ஆத்தங்கரையில தொழிலும் வியாபாரமும் இருந்திருக்கு.

அங்கிருந்து சிவகாசி நோக்கி வடக்கே. வழியெல்லாம் பட்டாசு ஆபீஸ். பாதை ஒரு வேலியோரமா போச்சு. காவலாளி ஓடி வந்து, "செல்லை ஆஃப் பண்ணுங்க தம்பி, அந்தப் பக்கம் சுத்திப் போங்க" என்றார். சுத்தித்தான் போனேன். சின்னச் சின்ன அறையா, ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறது அழகுக்கு இல்லை. ஒண்ணு வெடிச்சா அடுத்தது தப்பிக்கணும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தை நம்ம பக்கத்துல யாரும் மறக்க மாட்டாங்க. நாற்பது பேர் வரைக்கும் செத்தாங்க.

ரயில் வந்ததாலதான் சிவகாசி வளர்ந்துச்சுன்னு நானும் நினைச்சிருந்தேன். வருஷத்தை வரிசையா வச்சுப் பார்த்தா அப்படி இல்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போனது 1922. இறக்குமதித் தீப்பெட்டிக்கு அரசு வரியை ஏத்தினதும் அதே வருஷம்தான். தொழிலைக் கத்துக்கிட்டு வந்து ஊர்ல தீப்பெட்டி ஆரம்பிச்சது 1923. விருதுநகர் – தென்காசி மீட்டர் கேஜ் பாதை வந்தது 1927. தொழில் முந்தி, ரயில் பிந்தி. ஆனா பிந்தி வந்த ரயில் சும்மா வரலை. தென்காசியில அது 1904-லேயே மலையைக் குடைஞ்சு கொல்லம் போன பாதையோட சேர்ந்தது. தீக்குச்சிக்குத் தோதான மெது மரம் கேரளத்துல. மருந்து, காகிதம் வந்து இறங்கின துறைமுகம் தூத்துக்குடியில. மழை இல்லாத, விளைச்சல் இல்லாத ஒரு ஊரு ரெண்டு பக்கமும் கை நீட்டினது இந்தத் தண்டவாளம் வழியாத்தான். எங்க அப்பத்தா தீப்பெட்டியாபீஸ்ல கட்டை அடுக்கினாங்க, தாத்தா தண்டவாளம் பார்த்தார். எங்க வீட்டுச் சோறே இந்த ரெண்டும் சேர்ந்ததுதான்.

1992-ல யூனிகேஜ் திட்டம். 1000 மில்லிமீட்டர் அகலம் 1676 ஆகணும். நம்ம பாதை 2004-ல அகலமாச்சு. நான் அப்போ ஆரம்பப் பள்ளி. பெட்டி பெருசு, ஜன்னல் பெருசுன்னு துள்ளினது ஞாபகம் இருக்கு. ரிட்டயர் ஆகியிருந்த தாத்தா முதல் நாள் பார்க்க வரலை. "போன பாதை போச்சு" என்று மட்டும் சொன்னாராம்.

ஆனா போகலையே! மான்சல் டிரெயில் அழகா இருக்கக் காரணம் அங்க ரயில் செத்தது. நம்ம பாதையில ரயில் சாகலை. தாத்தா கெட்டிப்படுத்தின அதே கரைமேலதான் பெரும்பாலும் பொதிகை ஓடுது. நமக்கு சைக்கிள் பாதை கிடைக்காம போனதுல எனக்கு வருத்தமே இல்லை. (யாரும் தண்டவாளத்தை ஒட்டி ஓட்டிப் பார்க்கலாம்னு கிளம்பிடாதீங்க. ஊர்ப்பாதைகளே போதும். வேலிமுள்ளுக்கு ரெண்டு டியூப் எடுத்துக்கோங்க, எனக்கு மூணு பஞ்சர்.)

சாயங்காலம் திருத்தங்கல் பெருமாள் கோயில் குன்றைத் தாண்டி, தாத்தா சொன்ன அடையாளத்தை வச்சு விசாரிச்சேன். குடிசை இல்லை. கிணற்றை மூடிட்டாங்களாம். இருந்த இடத்துல வேலிமுள். போட்டோ எடுத்தேன். பக்கத்துல கிடந்த ஒரு வெள்ளைக் கல்லைப் பையில போட்டுக்கிட்டேன்.

ராத்திரி தாத்தா போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். கல்லைக் கையில வாங்கி உருட்டிட்டு, "இது லைன் கல்லு இல்லடா. சுண்ணாம்புக்கல்லு. இதைப் போட்டா மாவாயிடும். லைனுக்குக் கருங்கல் ஜல்லிதான்" என்றார். அப்புறம் நான் கேட்காமலே, அந்தக் கிணத்துல தண்ணி குடிச்ச எட்டு பேர் பேரையும் வரிசையா சொன்னார். இப்போ உசுரோட இருக்கிறது அவர் ஒருத்தர்தான்.

எழுதி வச்சிருக்கேன். அவங்கவங்க வீட்டுல கேட்காம பேரை வெளியில சொல்றது சரியில்லை. அடுத்த லீவுக்கு அந்த ஏழு வீட்டையும் தேடிப் போகணும். அதுக்கும் சைக்கிள்தான்.