பழைய வீடும் பார்வையற்ற கைகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. "சார் ஆரம்பிச்சுட்டாரு" என்று தள்ளிவிடாமல், நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான்.

"சார், ஒரு சந்தேகம். எங்க தாத்தா வீட்டு ஓட்டுக்கு அடியில இங்கிலீஷ் எழுத்து இருக்கு. பேசல் மிஷன் டைல் ஒர்க்ஸ், 1865-ன்னு போட்டிருக்கு. அப்போ வீடு 1865-ல கட்டினதா?"

"ஓட்டை யாருடே கழட்டினது?"

"நான்தான் சார்."

"எழுத்தைப் படிச்சது?"

"அதுவும் நான்தான் சார். விரலால."

அவனுக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

முதலில் அவன் சந்தேகத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த மிஷனைத்தான் நம் பக்கம் பேசல் மிஷன் என்று சொல்வார்கள். அவர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு 1865. அதைத் தொடங்கியவர் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர். அந்த ஆண்டையே முத்திரையாக ஓட்டின் அடியில் பதித்து வந்தார்கள். ஆகவே அது தொழிற்சாலை பிறந்த ஆண்டு, வீடு பிறந்த ஆண்டு அல்ல. ஆனால் முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசு அந்தத் தொழிற்சாலைகளைக் கைப்பற்றியது. பிறகு அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயருக்கு மாறின. எனவே பேசல் மிஷன் பெயர் இருக்கும் ஓடு பெரும்பாலும் போருக்கு முந்தியது. "உங்க ஓட்டுக்கு நூறு வயசுக்கு மேல இருக்கும்டே" என்றேன். அவனுக்குச் சந்தோஷம்.

எனக்குத்தான் போனை வைத்த பிறகு மனது சரியில்லை. காரணம் சொல்கிறேன்.

அவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். மூன்றாம் வகுப்பு வரை நன்றாகப் பார்த்தவனுக்கு விழித்திரை நோய் வந்து, ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் கரும்பலகை மங்கிவிட்டது. வாரம் ஒரு நாள் கைத்தொழில் வகுப்பு. மற்ற பிள்ளைகள் அட்டை வெட்டுவார்கள், பனையோலை கிழித்துப் பின்னுவார்கள், தீப்பெட்டியில் வண்டி செய்வார்கள். அவனும் கத்தரிக்கோலுக்குக் கை நீட்டுவான். நான் அதை வாங்கி வைத்துவிட்டு, "நீ உட்காருப்பா, கையைக் கிழிச்சுக்காதே. இவங்களுக்கு ஒரு கதை சொல்லு" என்பேன். அவன் நன்றாகக் கதை சொல்வான். நானும் பெரிய உபகாரம் செய்ததாக நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் அவன் பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளிக்குப் போய்விட்டான். படித்தான், அரசு வேலைக்கும் போனான்.

இப்போது தாத்தாவின் ஓட்டு வீட்டை அவனே பழுது பார்க்கிறான். இரண்டு வருடமாக, சனி ஞாயிறு மட்டும். மறுவாரம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து, ஆசிரியர் புத்தி போகாதே, அலமாரியில் இருந்த புத்தகங்களை எடுத்தேன். கண் தெரியாதவர்களின் கைகளுக்கு உலகம் என்ன வேலை கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்று தேடினேன். அதைத்தான் உங்களோடு பகிர்கிறேன்.

பார்வையற்ற குழந்தைகளுக்காக முதன்முதலில் ஒரு பள்ளியைப் பாரிஸில் தொடங்கியவர் வாலண்டின் ஆயுய். ஆண்டு 1785. அவர் கண்டுபிடித்த வழி, காகிதத்தில் சாதாரண எழுத்துகளையே மேடாகப் புடைக்க அச்சிடுவது. நம் மங்களூர் ஓட்டில் எழுத்து புடைத்திருக்கிறதே, அதே முறைதான். ஆனால் விரலுக்கு அந்த வளைவும் நெளிவும் சிரமம். ஒரு பக்கம் படிப்பதற்குள் அலுத்துவிடும்.

1819-இல் அதே பள்ளியில் பத்து வயதில் சேர்ந்தவர் லூயி பிரெய்லி. அப்பா குதிரைச் சேணம் செய்யும் தோல் தொழிலாளி. மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் தோல் குத்தும் ஊசி கண்ணில் பாய்ந்து, ஒரு கண்ணில் வந்த புண் மற்றதற்கும் பரவிப் பார்வை போயிற்று. இன்றைய பெற்றோராக இருந்தால் பட்டறைக்குப் பூட்டுப் போட்டிருப்பார்கள். அந்த அப்பாவோ பலகையில் ஆணிகளை எழுத்து வடிவத்தில் அடித்து, மகன் விரலைப் பிடித்து எழுத்து சொல்லிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். அந்தப் பையன்தான் பதினைந்து வயதில் ஆறு புள்ளி எழுத்தை உருவாக்கினான். அதை எழுத உதவுவதும் ஒரு குத்தூசிதான். கண்ணை எடுத்தது போன்ற ஒரு கருவியே எழுத்தையும் கொடுத்தது.

எழுத்து கிடைத்தது. வேலை? அங்கேதான் உலகம் ஒரு கோடு போட்டது. பிரான்சிலும் இங்கிலாந்திலும், பிறகு நம் நாட்டிலும், பார்வையற்றோர் பள்ளி என்றாலே கூடை பின்னுவது, பாய் முடைவது, நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது என்று ஆகிவிட்டது. 1887-இல் ஆனி ஷார்ப் அம்மையார் அமிர்தசரஸில் பள்ளி தொடங்கினார். 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் நம் பாளையங்கோட்டையில் தொடங்கினார். எத்தனையோ பிள்ளைகளை வாசல் திண்ணையிலிருந்து எழுப்பி எழுத்து கொடுத்த பெரிய மனங்கள் அவை. பிரம்பு பின்னுவது கேவலமான வேலையும் இல்லை. நம் பள்ளித் தலைமையாசிரியர் நாற்காலிக்குப் பின்னல் போட ஒரு பார்வையற்ற பெரியவர் வருவாரே, ஞாபகம் இருக்கிறதா? அவர் போட்ட முடிச்சு தளர்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவை எல்லாமே உட்கார்ந்த இடத்தில் செய்யும் வேலைகள். ஏணியும் ரம்பமும் உளியும் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருந்தன. நானும் கத்தரிக்கோலை அந்தப் பக்கம்தான் வைத்தேன்.

கோட்டைத் தாண்டியவர்களும் இருந்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் நேர்ஸ்பரோ என்ற ஊரில் 1717-இல் பிறந்தவர் ஜான் மெட்காஃப். ஆறு வயதில் பெரியம்மை கண்ணைக் கொண்டுபோயிற்று. பிடில் வாசித்தார், குதிரை ஏறினார், சரக்கு வண்டி ஓட்டினார். 1765-இல் சுங்கச் சாலை போடச் சட்டம் வந்தபோது, மூன்று மைல் சாலைக்கு ஒப்பந்தம் எடுத்தார். அப்போது வயது 48. நீண்ட கைத்தடி ஒன்றோடு நிலத்தை நடந்தே அளப்பார். தடி இறங்கும் ஆழத்தையும் காலடியின் மெத்தையையும் வைத்து மண்ணின் குணம் சொல்வார். சதுப்பு நிலத்தில் சாலை போட முடியாது என்று மற்றவர்கள் சொன்ன இடத்தில், புதர்ச்செடிகளைக் கட்டுக்கட்டாகப் பரப்பி, அதன்மேல் கல் போட்டுச் சாலையை நிற்க வைத்தார். மொத்தம் சுமார் 180 மைல், அதாவது 290 கிலோமீட்டர். 1810-இல் 92 வயதில்தான் இறந்தார்.

அமெரிக்காவில் 1890-இல் பிறந்த ரால்ஃப் டீட்டர், ஐந்து வயதில் கத்தி விபத்தில் பார்வை இழந்தார். வீட்டார் பட்டறையை அவருக்கு மூடவில்லை. பன்னிரண்டு வயதில் ஒரு மோட்டார் வண்டியே செய்துவிட்டார். 1912-இல் பொறியியல் பட்டம். முதல் உலகப் போர்க் காலத்தில் போர்க்கப்பலின் டர்பைன் சுழலிகளைச் சமன்படுத்தும் வேலையில், மற்ற பொறியாளர்கள் திணறியதை இவர் விரல்கள் அதிர்வைத் தொட்டே சரிசெய்தன. இன்று கார்களில் வேகத்தை ஒரே அளவில் நிறுத்தும் குரூஸ் கன்ட்ரோல் இருக்கிறதே, அது இவர் கண்டுபிடிப்பு. 1950-இல் காப்புரிமை பெற்றார். கார் ஓட்டவே முடியாத மனிதர்!

இவர்கள் தனி மனிதர்கள். ஒரு நிறுவனமாகவே கோட்டைக் கொஞ்சம் நகர்த்தியது போர்தான். 1915-இல் லண்டனில், தானே கண்ணழுத்த நோயால் பார்வை இழந்த பத்திரிகை அதிபர் ஆர்தர் பியர்சன், செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். போரில் கண் இழந்த இளைஞர்களுக்குக் கூடை, பாயோடு தச்சு வேலை, செருப்புத் தையல், கோழி வளர்ப்பு, டெலிபோன், மசாஜ் என்று கற்றுக் கொடுத்தார்கள். நேற்று வரை துப்பாக்கி பிடித்தவனிடம் "உளி உன்னைக் கிழித்துவிடும்" என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை போலும். அதே பெயரில் 1943-இல் நம் டேராடூனிலும் ஓர் இல்லம், கண் இழந்த இந்திய வீரர்களுக்காக. அதை நடத்திய கிளூத்தா மெக்கன்ஸி, 1915-இல் கல்லிப்போலிப் போரில் கண் இழந்த நியூசிலாந்துக்காரர். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951-இல் அமைந்த பாரதி பிரெய்லியிலும் அவர் பங்கு உண்டு. என் மாணவன் விரல் பழகிய தமிழ் பிரெய்லி அதுதான்.

இனி அவன் வீட்டுக்கு வருவோம்.

நான் போனபோது சுவரைத் தட்டிக்கொண்டிருந்தான். பழைய சுண்ணாம்புக் காரைப் பூச்சு. ஒட்டியிருக்கும் இடத்தில் கெட்டியான சத்தம், உள்ளே விட்டுப்போன இடத்தில் பொக்கைச் சத்தம். கொத்தனார்களும் இப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். ஓட்டையும் தட்டிப் பார்ப்பான். நல்ல ஓடு 'ணங்' என்னும், விரிசல் விட்டது 'டப்' என்னும். சந்தையில் நம் அம்மாக்கள் மண்பானை வாங்கும்போது செய்ததுதானே இது?

"சிமெண்ட் வச்சுப் பூசலியா?" என்றேன். "காரைச் சுவர்மேல சிமெண்ட் பூசினா உள்ள இருக்கிற ஈரம் வெளிய வராது சார். கொஞ்ச நாள்ல பாளம் பாளமா விழும்" என்றான். சுண்ணாம்பு நீர்த்து வெண்ணெய்ப் பதம் வந்ததா என்பதை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துச் சொல்கிறான். சுண்ணாம்பு கொதிக்கும்போது மட்டும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறான். நான் வியந்து பார்ப்பது அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "தெரியலன்னாலும் கண்ணு கண்ணுதானே சார்" என்று சிரித்தான்.

அளவுக்கு ஒரு கோல் வைத்திருக்கிறான். அங்குலத்துக்கு ஒரு வெட்டு, அரை அடிக்கு ஓர் ஆழ்ந்த வெட்டு. நம் தச்சர்களின் முழக்கோல் இதுதான். டேப் வருவதற்கு முன்னால் ஆசாரிமார் வேலை செய்தது இப்படிக் கோலை வைத்துத்தான். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக் குண்டு தொங்கவிட்டு, நூலுக்கும் சுவருக்கும் இடையே விரலை நுழைத்து மேலிருந்து கீழ் வரை நகர்த்துகிறான். இடைவெளி மாறாவிட்டால் சுவர் நேர். மட்டத்துக்குத் தண்ணீர் டியூப். மறுமுனையை மகள் குறியில் பிடித்துக்கொள்ள, இவன் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவான். தண்ணீர் விளிம்பில் விரலை நனைக்கும் இடம்தான் மட்டம். மரம் அறுக்க, ஒரு கட்டையை இறுகப் பூட்டி அதை ஒட்டியே ரம்பத்தை விடுகிறான். ஆணிக்கு முதலில் சிறு துளை போட்டுவிடுகிறான். ஆணி, திருகு எல்லாம் தனித்தனி டப்பாவில். வைத்த இடத்தை வீட்டில் யாரும் மாற்றக் கூடாது, அது சட்டம்.

மிகைப்படுத்த விரும்பவில்லை. கரண்ட் வேலைக்கு ஆள் வைத்திருக்கிறான். கூரை ஏறும்போது இடுப்பில் கயிறு, கீழே மைத்துனர். இடது கைப் பெருவிரலில் ஒரு தழும்பு இருக்கிறது. முதல் ஜன்னல் கதவு சட்டத்தில் பொருந்தாமல் இரண்டாவது செய்தான். மற்றவர் ஒரு நாளில் முடிப்பது அவனுக்கு மூன்று நாள். இதையெல்லாம் அவனே சொன்னான்.

ஆனால் ஒன்று புரிந்தது. மெட்காஃபின் தடியும், டீட்டரின் விரலும், இவன் கோலும் ஒன்றைத்தான் சொல்கின்றன. கட்டட வேலையின் உயிர் அளவு. அளவைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும் என்பது நாமாக வைத்துக்கொண்ட வழக்கம். அந்த மூவரிடமும் வேறு ஒரு பொது விஷயமும் உண்டு. யாரோ ஒருவர், ஒரு கட்டத்தில், அவர்கள் கையிலிருந்து கருவியைப் பிடுங்காமல் இருந்தார்கள்.

இவன் விஷயத்தில் அந்த ஒருவன் நான் இல்லை. பாளையங்கோட்டையில் தன்னோடு படித்த மூத்த மாணவர் ஒருவர்தான் முதலில் சுத்தியலைக் கையில் கொடுத்தார் என்றான்.

காபி குடிக்கும்போது கேட்டேவிட்டேன். "அஞ்சாம் வகுப்புல உன் கையில நான் கத்தரிக்கோல் குடுக்கல. ஞாபகம் இருக்காடே?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "இருக்கு சார். அன்னைக்குப் பூரா அழுதேன்" என்றான். பிறகு, "ஆனா ஏ பி சி டி நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க. அது இல்லன்னா அந்த ஓட்டை எப்படிப் படிச்சிருப்பேன்?" என்றான்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "மன்னிச்சுக்கோடே" என்று மட்டும் சொன்னேன். "அதெல்லாம் எதுக்கு சார்? சும்மாதானே இருக்கீங்க, இந்த டியூப்போட அந்த முனையைப் பிடிங்க. பாப்பா டியூஷன் போயிட்டா" என்றான். சாயங்காலம் வரை பிடித்தேன். இரண்டு முறை கை ஆடியது என்று திட்டும் வாங்கினேன்.

உங்களில் இருபது பேருக்கு மேல் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். பலர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பார்வையோ, காலோ, வேறு ஏதோ ஒன்றோ குறைந்த ஒரு பிள்ளை உங்கள் முன்னால் கை நீட்டினால், பக்கத்தில் நில்லுங்கள், எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுங்கள். கருவியை மட்டும் வாங்கி வைத்துவிடாதீர்கள். நான் செய்த தவறு என்னோடு போகட்டும்.

பொங்கலுக்குள் கூரை வேலை முடிந்துவிடும் என்கிறான். பேசல் மிஷன் ஓடு ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறானாம், எனக்குத் தருவதற்கு.

அன்புடன்,
உங்கள் சார்