முன்சீப் வேதநாயகர்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றதும் 1879இல் அச்சேறிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' நம் நினைவுக்கு வருகிறது. தமிழின் முதல் நாவலாசிரியர் என்ற புகழ், அவர் நீதிமன்றத்தில் கழித்த ஆண்டுகளை மறைத்துவிட்டது. வழக்காளியும் சாட்சியும் நேரில் நின்று பேசுகிற, பத்திரத்தையும் கையெழுத்தையும் கண்ணால் பார்த்து எடைபோட வேண்டிய முதல்நிலை நீதிமன்றமே அவருடைய களம். முதல்நிலை நீதிபதியான அந்த முன்சீப்பையே இங்கு நினைவுகூர விரும்புகிறேன்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826 அக்டோபர் 11இல் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். பின்னர் தரங்கம்பாடியில் முன்சீப், அடுத்துச் சீர்காழி, நிறைவாக மாயூரம்.

மொழிபெயர்ப்பாளர் வேலை அவருக்கு ஓர் உண்மையைக் காட்டியிருக்க வேண்டும். அக்காலத்தில் கீழ் நீதிமன்றங்களுக்கு வழிகாட்டிய, மேல் நீதிமன்றமான சதர் அதாலத்தின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. எந்த நியாயத்தின்படி தன் நிலம் போயிற்று என்பதைத் தோற்ற குடியானவன் படித்தறிய வழியில்லை. 1805 முதல் 1861 வரையிலான அத்தீர்ப்புகளைத் திரட்டித் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் 1862இல் வெளியிட்டார் வேதநாயகர். சென்னை உயர்நீதிமன்றம் தோன்றிய ஆண்டும் அதுவே. அரை நூற்றாண்டுக்கு மேலான சட்ட முடிவுகளைத் தமிழ் உரைநடைக்குள் கொண்டுவந்த இந்த உழைப்பை, அவருடைய நாவலுக்கு நிகராகவே நான் மதிக்கிறேன்.

நாவலிலும் இக்கவலை அவரை விடவில்லை. நீதிபதியும் வக்கீலும் வழக்காளியும் தமிழராக இருக்க, வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நடப்பது என்ன முறை என்று அதில் நேராகவே கேட்கிறார்.

அந்தக் கேள்வி பழசாகிவிடவில்லை. பூந்தமல்லியை அடுத்த நூம்பல் என்ற ஊரில் ஒரு மனைக்கு எல்லைத் தகராறு வந்தால், ஊரார் முதலில் நினைப்பது பூந்தமல்லி நீதிமன்றத்தைத்தான். தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் செய்த திருத்தம் கீழ் நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் தந்தது. உயர்நீதிமன்றத்திலோ அரசியலமைப்பின் 348ஆம் பிரிவுப்படி இன்றும் ஆங்கிலமே நடைமுறை மொழி. மேல்முறையீடு என்று படியேறும் நூம்பல்காரர், தம் வழக்கின் பேச்சு புரியாத இடத்தில்தான் போய் நிற்கிறார். இது தீர வேண்டிய குறை.

வேதநாயகர் முன்சீப்பாக இருந்தபோதே, 1859இல், 'நீதிநூல்' வெளியிட்டார். கைக்கூலி வாங்கும் அதிகாரிகளை அதில் கடுமையாகச் சாடுகிறார். பதவியில் இருந்துகொண்டே அப்படி எழுதுவதற்குத் தன் கை சுத்தம் என்ற உறுதி வேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் 'குளத்துக் கோவை' பாடினார். சைவப் பெரும்புலவர் ஒருவர் கத்தோலிக்க முன்சீப்பைப் பாடிய அந்த நட்பு, தனிக் கட்டுரைக்கு உரியது.

1872இல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். மாயூரம் நகர்மன்றத் தலைவராகவும் பணியாற்றினார். 1876-78 தாது வருடப் பஞ்சம் தஞ்சைத் தரணியையும் வாட்டியபோது, தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளின் பசியாற்றினார். அதைக் கண்ட 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' கோபாலகிருஷ்ண பாரதியார், அவரைப் போற்றிக் கீர்த்தனை ஒன்று பாடினார்.