‘ரன்’: ஓடுவதும் ஓட்டுவதும் ஒரே வினையான வரலாறு

1604இல் லண்டனில் ராபர்ட் காட்ரி வெளியிட்ட ஆங்கில அகராதியில் ஏறத்தாழ 2,500 சொற்கள் இருந்தன. ‘ரன்’ அவற்றுள் இல்லை. ஓடுவது என்றால் என்ன என்பதை ஆங்கிலேயருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இலத்தீன், கிரேக்க வேர்கொண்ட கடுஞ்சொற்களுக்குப் பொருள் தருவதே அன்றைய அகராதியின் வேலை. அன்றாடச் சொற்களுக்கு இடம் கொடுத்தது 1702இல் வந்த ஜான் கெர்சியின் அகராதி. 1755இல் சாமுவேல் ஜான்சன் அவற்றின் பொருள்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நூல்களிலிருந்து சான்று காட்டினார். தம்மை அலைக்கழித்த எளிய வினைகளை அவர் முன்னுரையில் பட்டியலிடுகிறார். ‘செட்’, ‘டேக்’, ‘புட்’ ஆகியவற்றோடு ‘ரன்’னும் அங்கே நிற்கிறது. பேசுவோர் வாயில் நாள்தோறும் இடம் மாறும் சொற்களை முழுதாகப் பிடிக்க இயலாது என்று அவர் கைவிரித்ததில் நியாயம் உண்டு.

இச்சொல்லின் பொருட்பெருக்கத்துக்குத் தொழிற்புரட்சியையே காரணமாகக் காட்டுவது வழக்கம். பொறி, ரயில், ஆலை எல்லாம் ‘ரன்’ ஆகத் தொடங்கியதும் பொருள்கள் பெருகின என்பது அந்த விளக்கம். இது பாதி உண்மை என்றே கருதுகிறேன். பொறிகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த வினையின் வாசல் திறந்துகிடந்தது.

பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. ஒன்று ‘ரின்னன்’, அது பெரும்பாலும் ‘இர்னன்’ என்றே வழங்கியது. நம்மிடம் தசை சதையானதுபோல அங்கும் ஒலிகள் இடம் மாறியிருந்தன. இது தன்வினை: ஆள் ஓடினான், நீர் ஓடியது என இரண்டுக்கும் பொது. மற்றொன்று ‘ஆர்னன்’, ஓடச் செய்வது, குதிரையில் விரைவது என்னும் பிறவினை. பழைய நோர்ஸ் மொழியிலும் இத்தகைய இணை இருந்தது. வைக்கிங்குகள் இங்கிலாந்தில் குடியேறியபோது அதன் செல்வாக்கும் சேர்ந்துகொண்டது. இடைக்கால ஆங்கிலத்தில் இவை யாவும் கலந்து ஒரே வினையாயின. ஜெர்மன் மொழி இன்றும் நீர் ஒழுகுவதற்கு ‘ரின்னன்’, ஆள் ஓடுவதற்கு ‘ரென்னன்’ என இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. தமிழில் ஓடு, ஓட்டு என்னும் இணை குலையவில்லை: பொறி ஓடுகிறது, பொறியை ஓட்டுகிறோம். ஆங்கிலத்துக்கு இரண்டிடத்திலும் ‘ரன்’தான்.

இந்தக் கலப்பில்தான் பிற்காலப் பொருள்களின் வித்து இருக்கிறது. ஆறு ஓடுவதற்குக் கால் வேண்டாம். தடைபடாத தொடர் இயக்கம் இருந்தால் போதும். ஆகவே கடிகாரத்தையும் நீராவிப் பொறியையும் அந்த வினைக்குள் கொண்டுவர யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பிறவினையும் அதற்குள்ளேயே அடங்கியதால், பொறியை ஓட்டுவது கடையை நடத்துவதற்கும், பின்னர் கணினியில் நிரலை இயக்குவதற்கும் நீண்டது. (தமிழிலும் படம் ஓடுகிறது, பிழைப்பு ஓடுகிறது, ஆனால் கடையை ஓட்டுகிறோம் என்றால் அதில் ஒரு சலிப்பு ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சலிப்பு இல்லை.)

பெயர்ச்சொல்லின் கதை வேறு. வைப்பாளர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கிக்கு முண்டியடிப்பது 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ‘ரன்’ ஆகிவிட்டது. 1694இல் தொடங்கிய இங்கிலாந்து வங்கி இரண்டே ஆண்டில் அதைச் சந்தித்தது. ஆஸ்திரேலியாவில் ஆடு மேயும் பரந்த நிலமும் ‘ரன்’தான். கிரிக்கெட்டில் எண்ணிக்கையைக் குச்சியில் வெட்டிக் குறித்த காலத்தில் அந்த வெட்டின் பெயரே ஓட்டத்துக்கும் வழங்கியது. பிறகு ‘ரன்’ அந்த இடத்தைப் பிடித்தது. எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்துக்கு ஓடாமலே நான்கு கிடைத்தபோது சொல் தன் மூலச் செயலையே கைவிட்டது. தமிழ் வர்ணனையாளர்கள் ‘ஓட்டங்கள்’ என்றபோது அந்த முரணும் கூடவே வந்தது. வினைக்குத் திரும்பினால், தேர்தலில் அமெரிக்கர் ‘ஓடுகிறார்’, பிரித்தானியர் ‘நிற்கிறார்’. நம் வேட்பாளரும் நிற்கவே செய்கிறார்.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதற்பதிப்பில் ஆர் எழுத்தைப் பதிப்பித்தவர் வில்லியம் கிரெய்கி. ‘ரன்’ அடங்கிய பகுதி 1910இல் வந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அந்த அகராதியின் பதிப்பாசிரியர் பீட்டர் கில்லிவர் அதே சொல்லைத் திருத்தியமைக்க ஒன்பது மாதம் உழைத்தார். 2011இல் வினைக்கு மட்டும் 645 பொருள்கள் என்ற செய்தி இதழ்களில் வந்தது. மிக அதிகப் பொருள்கள் கொண்ட ஆங்கிலச் சொல் என்று அதுவரை ‘செட்’டுக்கு இருந்த புகழ் மங்கியது.

இந்த ஒப்பீட்டை அப்படியே ஏற்பதற்கில்லை. ‘செட்’டுக்குச் சொல்லப்படும் 430 என்னும் எண் 1989இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு உரியது. அந்த 20 தொகுதிகள் பெரும்பாலும் பழைய பதிப்பையும் அதன் துணைத் தொகுதிகளையும் ஒன்றாகக் கோத்தவை. அவற்றில் ‘செட்’டின் அடித்தளம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி பிராட்லி வகுத்தது. 645 என்பதோ சான்றுகளை மின்தரவிலிருந்து திரட்டி, முதலிலிருந்து பிரித்தெழுதியதன் விளைவு. எங்கே ஒரு பொருள் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதைப் பதிப்பாசிரியரே தீர்மானிக்கிறார்; ரயில் ஓடுவதையும் கப்பல் ஓடுவதையும் ஒரே எண்ணின் கீழ் வைப்பவரும் உண்டு, இரண்டாகப் பிரிப்பவரும் உண்டு.