மூச்சுக்குழல் குற்றிழை

மூச்சுக்குழல் குற்றிழை என்பது, பாலூட்டிகள், பறவைகள் முதலியவற்றின் மூச்சுக்குழல் உட்சுவரிலுள்ள உயிரணுக்களில் இருந்து மயிர் போல நீண்டிருக்கும் நுண்ணிய உறுப்பாகும். இது பிசிர், சிலியா எனவும் அழைக்கப்படுகின்றது. குற்றிழைகள் அலையலையாக அசைந்து, தூசியும் கிருமிகளும் ஒட்டிய கோழைப் படலத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. இவை உருவாவதும், உரிய நீளத்தில் நிலைப்பதும், அசைவதும் இயக்கப் புரதங்களாலேயே நடைபெறுகின்றன. கோழி வளர்ப்புக்குப் பெயர்பெற்ற நாமக்கல் போன்ற பகுதிகளில், கோழிகளின் மூச்சு நோய்களை விளங்கிக்கொள்ள இவ்வுறுப்புப் பற்றிய அறிவு துணை செய்கின்றது.

அமைப்பு

மனிதரில் ஓர் உயிரணுவில் ஏறத்தாழ 200 குற்றிழைகள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 6 முதல் 7 மைக்ரோமீட்டர் நீளமுடையது. அதன் உள்ளே, நடுவில் 2 நுண்குழல்களும், அவற்றைச் சுற்றி 9 இணை நுண்குழல்களும் அமைந்துள்ளன. நுண்குழல்கள் டியூபுலின் என்னும் புரதத்தால் ஆனவை.

அசைவு

வெளிப்புற இணைகளில் டைனீன் என்னும் இயக்கப் புரதம் கைகள் போலப் பொருந்தியுள்ளது. இது ஏ.டி.பி. மூலக்கூறின் ஆற்றலைக் கொண்டு அடுத்த இணையைப் பற்றி நகர்த்துகின்றது. இணைகள் அடியில் பிணைக்கப்பட்டிருப்பதால், இந்த நழுவல் வளைவாக மாறுகின்றது. மனிதரில் குற்றிழை நொடிக்கு ஏறத்தாழ 10 முதல் 15 முறை அடிக்கின்றது. டைனீன் கைகள் இல்லாதவர்களின் குற்றிழைகள் அசைவதில்லை என்பதையும், அவர்களுக்கு மூச்சு நோய்கள் அடிக்கடி வருகின்றன என்பதையும் 1976இல் சுவீடனைச் சேர்ந்த அஃப்செலியசு வெளியிட்டார்.

நீளக் கட்டுப்பாடு

குற்றிழையினுள் புரதம் தயாரிக்கப்படுவதில்லை. கட்டுமானப் பொருள்கள் உயிரணுவின் உடலில் இருந்து நுனிக்குச் செல்ல வேண்டும். கைனசின்-2 அவற்றை நுனிக்குச் சுமந்து செல்கின்றது. டைனீன்-2 திரும்பக் கொண்டு வருகின்றது. இப்போக்குவரத்து 1993இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கிளாமிடோமோனாஸ் என்னும் பாசியின் கசையிழைகளில் கண்டறியப்பட்டது. கசையிழையும் குற்றிழையும் ஒரே அடிப்படை அமைப்பு உடையவை.

நுனியில் டியூபுலின் சேர்வதும் கழல்வதும் இடைவிடாது நிகழ்கின்றன. இழை நீள நீள, சேரும் வேகம் குறைகின்றது. கழலும் வேகம் பெரிதும் மாறுவதில்லை. இரண்டும் சமமாகும் இடத்தில் நீளம் நிலைபெறுகின்றது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கமாகும். எனவே குற்றிழையின் நீளம் ஒருமுறை கட்டி முடிக்கப்பட்ட அளவு அன்று. தொடர்ந்து பேணப்படும் சமநிலை ஆகும்.

கைனசின் வகைகளுள் சில நுண்குழலின் நுனியைக் கழற்றி நீளத்தைக் குறைக்கின்றன. கே.ஐ.எஃப்.19ஏ என்னும் புரதம் இல்லாத சுண்டெலிகளில் குற்றிழைகள் அளவுக்கு மீறி நீள்வதை சப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் காட்டினர். அவற்றால் நீர்மத்தைச் சரிவரத் தள்ள இயலவில்லை. இதனால் மூளையில் நீர் தேங்கியது. பெண் எலிகள் மலடாயின. மிகை நீளமும் குறையே என்பதை இது உணர்த்துகின்றது.

கோழிகளில்

தொற்று மூச்சுக்குழல் அழற்சி நோய் 1931இல் அமெரிக்காவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இதனை உண்டாக்கும் கொரோனா வைரசு, குற்றிழை உயிரணுக்களைத் தாக்கி அசைவை நிறுத்துகின்றது. கோழை வெளியேறாததால் ஈ. கோலை போன்ற பாக்டீரியாக்கள் எளிதில் பெருகுகின்றன. இவ்வைரசு கருக்குழாயின் குற்றிழை உயிரணுக்களையும் தாக்குவதால் முட்டை உற்பத்தி குறைகின்றது, ஓடு மெலிகின்றது, வெண்கரு நீர்த்துப் போகின்றது. முட்டைக் கோழிப் பண்ணையாளருக்கு இது நேரடி இழப்பாகும்.

பொரிக்கும் நிலையை நெருங்கிய கருவின் மூச்சுக்குழலை வளையங்களாக நறுக்கி வளர்ப்பது ஓர் ஆய்வு முறையாகும். நுண்ணோக்கியில் குற்றிழைகளின் அசைவைப் பார்த்து வைரசின் தாக்கத்தையும் தடுப்பு மருந்தின் பயனையும் அறியலாம்.

கோழி எச்சத்தில் இருந்து எழும் அமோனியாவும் குற்றிழைகளைச் சிதைக்கின்றது. கொட்டகைக் காற்றில் அது 10 இலட்சத்தில் 25 பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான பரிந்துரையாகும். காற்றோட்டம், எச்சத்தை உலர்வாக வைத்தல், தடுப்பூசி ஆகியவை முதன்மையான காப்பு முறைகள். நாமக்கல்லில் 1985 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாகும்.

நோயில் இருந்து மீளும் கோழியில் புதிய உயிரணுக்கள் தோன்றி, குற்றிழைகளை அடியில் இருந்து மீண்டும் கட்டுகின்றன. அவை முழு நீளம் அடைந்து அசையத் தொடங்கும் வரை மூச்சுக்குழல் பிற தொற்றுகளுக்கு எளிதில் இடம் கொடுக்கும்.