கள்ளு முட்டியும் நொதிய விஞ்ஞானமும்

தெற்கே வென்னப்புவை முதல் வடக்கே கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் நம் கடற்கரையில் தென்னையை அறியாதார் இலர். பாளை சீவி இறக்கும் இனிய நீர் சில மணி நேரத்தில் கள்ளாகப் பொங்குவதையும், முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் அது இனிமை மாறாது நிற்பதையும் நம் முன்னோர் நன்கறிவர். இதன் காரணத்தை அறிய மேல்நாட்டறிஞர் நெடுங்காலம் வாதாடினர். அவ்வரலாற்றை நம் இளைஞர் முன் வைக்க விழைகின்றோம்.

பாளைநீரில் ஏறக்குறைய நூற்றுக்கு 15 பங்கு வெல்லம் உண்டு. காற்றிலிருந்தும் பழைய முட்டியிலிருந்தும் மதுவம் என்னும் நுண்ணிய பங்கசு அதில் வந்து சேர்கின்றது. நொதித்தல் உயிர்களின் செயலே என்று பிரான்சு தேசத்து லூயி பாஸ்டர் 1857ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அது வெறும் இரசாயன மாற்றமே என வாதித்தாரும் இருந்தனர். 1897இல் ஜேர்மனியரான எடுவார்ட் புக்னர் மதுவத்தை மணலோடு அரைத்துப் பிழிந்து, சாறு கெடாதிருக்கச் சர்க்கரை சேர்த்தார். உயிரணு எதுவுமற்ற அச்சாறு நுரைத்தெழுந்தது! உயிரணு ஆக்கிய நொதியங்களே தொழில் செய்கின்றன என்பது அன்று புலனாயிற்று. 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுண்ணாம்பின் காரம் மதுவத்தையும் நொதியங்களையும் முடக்குவதாலேயே பாளைநீர் புளிப்பதில்லை.

இதற்கு முன்னரே, 1894இல், யப்பானியரான யோக்கிச்சி தாக்காமினே கோதுமைத் தவிட்டில் பூஞ்சணம் வளர்த்து, மாப்பொருளைச் சீரணிப்பிக்கும் நொதியத்தைப் பிரித்தெடுத்து அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களை ஒரு பூஞ்சணம் தின்றழித்தது. அன்று பகையாயிருந்த அதன் இனமே இன்று ஆலைகளில் வளர்க்கப்படுகின்றது. அதன் நொதியம் துணியை மென்மையாக்குகின்றது; வைக்கோல் போன்றவற்றை வெல்லமாக்கி, எரிபொருள் மதுசாரம் வடிக்கவும் உதவுகின்றது. சலவைத் தூளிலும், பழச்சாற்றைத் தெளிவிப்பதிலும் பங்கசுகளின் நொதியங்கள் பயன்படுகின்றன.

கள்ளென்ற சொல்லைக் கண்டதும் பெரியோர் முகஞ்சுளிக்கலாம். குடியால் நிலைகுலைந்த குடும்பங்களைக் கண்ட நமக்கு அக்கவலை புதிதன்று. எனினும் முட்டியிலுள்ள நீர் ஒன்றே. சுண்ணாம்பிட்டுக் காய்ச்சினால் பாணியும் கருப்பட்டியுமாகும். புளிக்கவிட்டால் கள்ளாகும். அக்கள்ளையும் பற்றீரியாக்கள் மேலும் மாற்றினால் வினாகிரியாகும். எது ஆகவேண்டும் என்பதை அறிவே தீர்மானிக்கின்றது.

அந்த அறிவைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவன் மரமேறும் தொழிலாளி. அவனைக் கற்றோர் வரிசையில் வைக்க நாம் மறந்தோம். அவன் பிள்ளைகளோ இன்று அத்தொழிலை விட்டு அகல்கின்றனர். அவனோடு அவன் கைப்பக்குவமும் மறைந்துவிடுமாயின் இழப்பு நம்முடையதே. 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையம் நம் மாவட்டத்து லுணுவிலவிலேயே உள்ளது. நம்மில் எத்தனை பேர் அதன் வாயிலை மிதித்தோம்?

இளைஞர்காள்! முட்டிக்குச் சுண்ணாம்பு தடவிய கையை மதிப்போம். அக்கை அறிந்ததை நூலறிவோடு இணைப்போம். அதுவே முன்னோர்க்கு நாம் செலுத்தும் மெய்யான கடனாகும்.