அவாவும் அறமும்: கூட்டு வாழ்வைத் தாங்கும் ஒழுங்குகள்

கோப்பெருஞ்சோழன் கதையை நட்பின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். உறையூரிலிருந்து ஆண்ட சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்த ஆந்தையாரும் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. ஆயினும் வடக்கிருக்க, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பால் உயிர்விடத் துணிந்த சோழன், தன் பக்கத்தில் ஆந்தையாருக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். புலவரும் வந்து சேர்ந்து, தாமும் வடக்கிருந்து உயிர் துறந்தார். காணாத இருவரைச் சாவிலும் இணைத்தது இருவரும் போற்றிய விழுமியங்களின் ஒருமை.

சோழன் வடக்கிருந்த காரணத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுமை பெறும். அவன் பெற்ற பிள்ளைகளே ஆட்சியுரிமை வேண்டி அவனுக்கு எதிராக எழுந்தார்கள். அவனும் அவர்கள்மேல் போருக்குப் புறப்பட்டான். புலவர் புல்லாற்றூர் எயிற்றியனார் குறுக்கிட்டு, நீ வென்றாலும் உனக்குப் பின் இந்நாடு யாருக்கு, தோற்றாலோ பழி யாருக்கு என்ற பொருளில் எடுத்துரைத்துத் தடுத்தார். போரைக் கைவிட்ட சோழன் வடக்கிருந்தான். ஒரே மனிதனின் வாழ்வில், ஒரே காலத்தில், பதவி அவா தந்தையையும் மக்களையும் பகைவராக்கியது. ஒத்த உள்ளமோ முன்பின் பாராத இருவரை உறவினராக்கியது. இரத்தம் கட்டாததைப் பண்பு கட்டியது. இரத்தம் கட்டியதை அவா அறுத்தது.

அதே ஆந்தையார், முதுமையிலும் தமக்கு நரை தோன்றாத காரணத்தை ஒரு பாட்டில் சொல்கிறார். நற்குணம் வாய்ந்த மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் எண்ணத்தோடு ஒத்துழைக்கும் ஏவலர், முறை தவறாமல் காக்கும் வேந்தன், இவற்றுக்கெல்லாம் மேலாகத் தம் ஊரில் வாழும் அடக்கமுடைய சான்றோர் பலர் என்று அந்தக் காரணங்கள் வீட்டிலிருந்து ஊர்வரை விரிகின்றன. தனி மனிதனின் மன அமைதி அவன் உள்ளத்துக்குள் மட்டும் விளைவதில்லை; சுற்றியுள்ளோரின் விருப்பங்களும் விழுமியங்களும் சேர்ந்து அதை விளைவிக்கின்றன. இந்தக் கருத்தை அவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தார் அந்தப் புலவர்.

இருவர் நட்பும் பலர் கூட்டும்

இருவருக்கிடையிலான நட்புக்குச் சட்டம் தேவையில்லை. ஆயிரம் பேர் சேர்ந்து வாழும் ஊருக்கு நட்பு மட்டும் போதாது. ஆந்தையார் சொன்ன சான்றோர் இல்லாத ஊர்களும் உண்டு. சான்றோர் உள்ள ஊரிலும் எல்லாரும் எல்லா நாளும் சான்றோராக இருப்பதில்லை. அத்தகைய ஊர் எப்படிச் சேர்ந்து வாழும்? ஏரி நீரை யார் பங்கிடுவது? பொதுப் பொன்னை யார் கையில் ஒப்படைப்பது? உபதேசம் இவ்வினாக்களுக்கு விடை ஆகாது. மனிதனுக்கு ஆசை உண்டு என்பதை முகம் சுளிக்காமல் ஒப்புக்கொண்டு, அந்த ஆசை பொது வாழ்வைக் கெடுக்காதபடி நடைமுறைகளை வகுக்கும் சமூகமே விடையை நெருங்குகிறது. இதற்கு நம்மிடம் உள்ள மிக நுட்பமான சான்று உத்திரமேரூர்க் கல்வெட்டு.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; மற்றது 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது கி.பி. 919, 921. கல்வெட்டாய்வாளர் வெங்கையா இவற்றை முதலில் ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் வந்த தம் நூலில் விரிவாக விளக்கினார். இவை கூறும் குடவோலை முறையை, அதாவது குடத்தில் இட்ட ஓலைகளிலிருந்து ஆட்களைத் தேரும் முறையை, உலகின் மூத்த மக்களாட்சி என்று மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். பெருமை இருக்கட்டும். மனித மனத்தைப் பற்றிய ஆவணமாக அந்தக் கல்வெட்டுகளைப் படித்தால் கிடைக்கும் பாடம் அதைவிடப் பெரியது.

விதிகளுக்குள் தெரியும் மனித இயல்பு

ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஊர்ப் பணிகளைக் கவனித்த குழுக்கள் வாரியங்கள் எனப்பட்டன. ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர், பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனித்தனியே 6 பேர் எனத் தேர்ந்தெடுத்தார்கள். பதவிக்காலம் 360 நாள். தகுதிகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன: வரி செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, குறிப்பிட்ட வயது வரம்பு, கல்வி, காரியத் திறமை, நேர்மையாக ஈட்டிய பொருள், தூய மனம். நிலமும் வீடும் கேட்டதற்கு ஒரு காரணம் ஊகிக்கலாம்: ஊரின் நன்மை தீமையில் தனக்கும் பங்கு உள்ளவனே பொதுப்பொருளைக் கவனமாகக் காப்பான் என்ற நம்பிக்கை. தன்னலத்தையே பொதுநலத்துக்குப் பிணையாகக் கேட்கும் விதி இது.

அடுத்து, தகுதியின்மைகள். கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்தவர் மீண்டும் வரக்கூடாது. பதவியின் ருசி கண்டவர் எளிதில் எழுந்திருக்கமாட்டார் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி இது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் வரவே கூடாது. அவர் மட்டுமன்று, அவருடைய உறவினரும் வரக்கூடாது. யார் யார் உறவினர் என்பதைக் கல்வெட்டு ஒவ்வொன்றாக அடுக்குகிறது: தாயின் உடன்பிறந்தாள் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாய்மாமன், தந்தையின் உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், தமக்கை தங்கையரை மணந்தவர், மருமகன், தந்தை, மகன். பாசம் நீதியை எந்தெந்த வழியில் வளைக்கும் என்பதை நம் குடும்ப அமைப்பை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் வரைந்த வரைபடம் இது. இன்றைய சங்கங்களின் துணைவிதிகளிலும் உறவுச் சலுகையைத் தடுக்க இவ்வளவு நுணுக்கமான பட்டியலைக் காண்பது அரிது.

தேர்வு நடந்த விதம் இன்னும் நுட்பமானது. சிறியோரும் பெரியோரும் அடங்கிய மகாசபை கூட வேண்டும். அன்று ஊரிலுள்ள நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் அமர வேண்டும். அவர்களில் மூத்தவர் ஒருவர் எழுந்து, தகுதியுடையோர் பெயர் எழுதிய ஓலைகள் இட்ட குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுக்க, அதை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்க வேண்டும். அவன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை ஏற்க வேண்டும். அவன் வாசித்த பெயரை அங்குள்ள நம்பிமார் எல்லாரும் வாசித்த பிறகே எழுதிக்கொள்ள வேண்டும்.

விரல்களை ஏன் விரிக்க வேண்டும்? மடக்கிய விரலுக்குள் இன்னோர் ஓலை மறைந்திருக்கலாம். மத்தியஸ்தனைத் திருடன் என்று யாரும் சொல்லவில்லை. அவன்மேல் ஐயம் எழவே இடமில்லாத ஏற்பாட்டைச் செய்தார்கள். நேர்மையானவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. கணக்கு கேட்பதை அவமதிப்பாகக் கருதும் மனநிலை நம் அமைப்புகளைக் கெடுத்துவரும் இந்நாளில், இந்த விரித்த உள்ளங்கையைக் கூடிய மட்டும் பலருக்கு நினைவூட்ட வேண்டும்.

இரண்டாண்டில் திருந்திய விதி

919இல் வகுத்த விதியை 921இல் ஏன் மாற்றினார்கள்? முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டாவதில் 35 முதல் 70 வரை. முதலாவது, பதவி விட்டு இறங்கியவர்களின் நெருங்கிய உறவினரைப் பொதுவாக விலக்குகிறது. கணக்குக் காட்டாதவர், அவர் உறவினர், திருடியவர், பொய்யாவணம் எழுதியவர் என்று விரியும் நீண்ட பட்டியல் இரண்டாவதில் இடம்பெறுகிறது. தீயோர் அழியவும் மற்றோர் செழிக்கவும் இவ்வேற்பாடு என்ற நோக்கமும் அங்கே சொல்லப்படுகிறது. இடையில் என்ன நடந்தது என்பதைக் கல் சொல்லவில்லை. ஆனால் பட்டியலின் நீளமே, முதல் விதியின் இடுக்குகளில் யாரோ புகுந்திருக்க வேண்டும் என எண்ண வைக்கிறது. சபையார் சோர்ந்துவிடாமல் மீண்டும் கூடி விதியைச் செப்பனிட்டார்கள். மழைக்கு மழை கரையைப் பார்த்து அடைக்கும் ஏரிக்காரர்களின் பழக்கம் அவர்கள் ஆட்சிமுறையிலும் படிந்திருந்தது. அவா, நீர்போலத்தான், கரையும் மதகும் இருந்தால் வயலுக்குப் பாயும், இல்லையேல் ஊரை அழிக்கும்.

பிற ஊர்களும் மக்களும் தத்தம் அனுபவத்தில் இதே உண்மையைக் கண்டிருக்கிறார்கள். திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மானூரில், உத்திரமேரூருக்கும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்திய பாண்டியர் காலக் கல்வெட்டு உண்டு. எந்தத் தீர்மானம் வந்தாலும் மறுத்துக்கொண்டே இருப்பவர்களுக்கும் அவர்களுக்குத் துணை நிற்பவர்களுக்கும் ஐந்து காசு தண்டம் என்கிறது அது. ஆதாயம் கருதிய ஆசையைப் போலவே, எதிர்ப்பதில் இன்பம் காணும் ஆசையும் கூட்டத்தைக் குலைக்கும் என்று அந்த ஊர் அறிந்திருந்தது. வெனிஸ் குடியரசு 1268 முதல் தன் தலைவரைத் தேர்ந்தெடுத்த சிக்கலான முறையிலும் சீட்டுக் குலுக்கலும் தேர்தலும் மாறி மாறி வந்தன; அங்கும் குலுக்கலில் எடுக்க ஒரு சிறுவனைத்தான் அழைத்துவந்தார்கள். குடும்பப் பகைகள் நிறைந்த அந்த நகரமும், ஆசை படியாத கை சிறுவனின் கைதான் என்ற முடிவுக்கே வந்தது.

சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517ஆம் ஆண்டு விதி ஒன்று: குளிர்காலம் முழுதும் தன் கொட்டிலில் தீனி போட்டுக் காக்க முடிந்த அளவு மாடுகளையே ஒருவர் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். இதை எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட, பொதுவளங்களை மக்கள் ஆளும் முறை பற்றிய நூலில் எடுத்துக்காட்டுகிறார். பொதுச் சொத்து என்றாலே பேராசையால் அழியும், அதைக் காக்க அரசோ தனியுடைமையோதான் வழி என்று நம்பியவர்களுக்கு அவர் பல நாட்டு ஊர்களைக் காட்டிப் பதில் சொன்னார்: பயன்படுத்துவோரே கூடி விதி வகுத்து, தாமே கண்காணித்து, தவறுக்குப் படிப்படியான தண்டனை வைத்தால் பொதுவளம் நூற்றாண்டுகள் நிலைக்கும். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அந்த ஆய்வை நம் ஏரி வாரியத்துப் பெருமக்கள் எளிதில் விளங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஓலையில் எழுதப்படாத பெயர்கள்

இவ்வளவு சொன்னபின் ஓர் உண்மையை மறைப்பது அறமாகாது. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். அதன் சபை பிராமண நிலவுடைமையாளரின் சபை. அந்த ஏரிநீரில் உழுது நட்டவர்களின் பெயர் எந்த ஓலையிலும் எழுதப்படவில்லை. பெண்கள் பெயரும் இல்லை. தங்களுக்குள் எழும் தன்னலத்தை அவ்வளவு கூர்மையாகக் கண்டறிந்தவர்கள், ஒரு குழுவாகத் தங்களுக்கிருந்த தன்னலத்தைக் காணவில்லை. விதிகளை வகுப்போர் தம் விழுமியங்களையும் தம் குருட்டிடங்களையும் சேர்த்தே வகுக்கிறார்கள். ஒரு குழுவுக்குள் நீதி நிலவுவதால் மட்டும் அக்குழு நீதியானது ஆகிவிடாது. வாசலுக்கு வெளியே நிற்போரை அது எப்படி நடத்துகிறது என்பதும் கணக்கில் வரும்.

அந்த வாசல் திறக்க ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1992ஆம் ஆண்டின் 73ஆம் அரசமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கேற்ற இடங்களையும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களையும் உறுதி செய்தது. தமிழ்நாடு 2016இல் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுதும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களோ இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. நன்கு நடக்கும் ஒரு குழுவின் கூட்டத்தில் சேமிப்புப் பணத்தை எல்லார் முன்னிலையிலும் எண்ணுகிறார்கள். தீர்மான நோட்டை உரக்க வாசிக்கிறார்கள். யாருக்கு முதலில் கடன் என்பதைக் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். மகளின் படிப்பு, கறவை மாடு, ஒழுகும் கூரை என்று ஒவ்வொருத்திக்கும் தனித்தனி ஆசை. அந்த ஆசைகளை யாரும் துறக்கச் சொல்வதில்லை. இன்று உனக்கு, அடுத்து எனக்கு என்ற முறை அந்த ஆசைகளையே உறவாக மாற்றிவிடுகிறது.

நம் அமைப்புகளுக்கான பாடம்

சிறப்பு மலர் வெளியிடும் அளவுக்கு ஓர் அமைப்பு நீடித்திருக்கிறது என்றால், பலருடைய ஆசைகள் அதற்குள் மோதியும் அடங்கியும் வந்திருக்கின்றன என்று பொருள். பெயர் பெற ஆசை, மதிக்கப்பட ஆசை, தன் கருத்தே வெல்ல ஆசை, தன் பிள்ளைக்கு ஓரிடம் கிடைக்க ஆசை. இவை இழிவானவை அல்ல. இவை இல்லாதவன் மாலை நேரத்தை விட்டுக்கொடுத்துச் சங்கக் கூட்டத்துக்கு வரவே மாட்டான். சங்கங்கள் உடைவதற்கு ஆசை காரணம் என்பதைவிட, ஆசையே இல்லாததுபோல் நடந்துகொள்வது காரணம் என்பேன். எல்லாரும் தொண்டுக்காகவே வந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில் கணக்கு கேட்பவன் கெட்டவனாகிறான். பதவிக்காலம் பற்றிப் பேசுபவன் நன்றி மறந்தவனாகிறான். மனத்தாங்கல் வெளியே வர வழியின்றி உள்ளேயே புழுங்கி, ஒருநாள் பிளவாக வெடிக்கிறது.

ஆகவே சில ஒழுங்குகளை நாம் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பதவிக்கு வரம்பும் இடைவெளியும் வேண்டும். கணக்கு, கேட்காமலே எல்லார் முன்னும் வாசிக்கப்பட வேண்டும். உறவினர் தொடர்புடைய முடிவில் உரியவர் ஒதுங்கி நிற்க வேண்டும். மாற்றுக் கருத்துக்கு நேரமும் மரியாதையும் வேண்டும். முடிவெடுத்தபின் அதற்குக் கட்டுப்படும் பண்பும் வேண்டும். விதி பயன் தராவிட்டால் கௌரவம் பாராமல் திருத்த வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, நம் பட்டியலில் இல்லாத பெயர்கள் யாருடையவை என்று ஆண்டுக்கொரு முறையேனும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விதிகள் மட்டும் எல்லாம் செய்துவிடுமா? செய்யா. உத்திரமேரூர் சபையே தூய மனத்தையும் ஒரு தகுதியாகக் கேட்டது. நல்ல மனம் விதிக்கு உயிர் தருகிறது. நல்ல விதி, சோர்ந்துபோகும் நாட்களில் அந்த மனத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. ஒரு சங்கத்தின் பெருமையை அளக்க அதன் தலைவர்களின் படங்களை எண்ண வேண்டியதில்லை. பதவி விட்டு இறங்கியவர்கள் எத்தனை பேர் இன்றும் பின்வரிசையில் சாதாரண உறுப்பினராக அமர்ந்து, புதியவர் தரும் வேலையை மகிழ்ச்சியோடு செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் போதும். அந்த எண்ணிக்கை பெருகப் பெருக, அந்தச் சங்கம் நிலைக்கும்.